கடைசியாக நன்றாக ஓடிய நாள்

இன்று காலையிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இவர், உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிற லீஃப் ப்ளோயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கயிற்றை இழுக்கிறார், அது இரண்டு தடவை இருமுகிறது, ஒரு வாய் நீலப் புகையைத் துப்புகிறது, நின்றுவிடுகிறது. அந்தப் புகை ஜன்னல் இடுக்கு வழியாகச் சமையலறைக்குள் வந்தது. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்கள் புகைப்படத்துக்கு முன்னால் அழாதவள், ஒரு லீஃப் ப்ளோயரின் புகைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

சிரித்துவிட்டு, "சத்தத்தைக் கேட்டீங்களா, ரைட்டரம்மா?" என்று கேட்பீர்கள். கேட்டேன். மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது, விசையை அழுத்தியதும் மூச்சுத் திணறி அடங்குகிறது. ப்ளக்கில் கோளாறு இல்லை. உள்ளே போகிற பெட்ரோலில்தான் ஏதோ இருக்கிறது. முப்பத்தாறு வயதுவரை திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத, பொருளாதாரம் படித்த ஒருத்தியின் காதுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு மட்டும்.

நியூ ஜெர்சியில் நாம் இருந்த அந்தப் பிஸ்கட்டவே வீட்டை நினைத்துக்கொள்கிறேன். மேலே நீங்கள், கீழே நாங்கள். உங்களுக்குக் கோயமுத்தூர், மெக்கானிக்கல் படித்துவிட்டு, மோட்டார் பம்பு செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். எனக்கு மதுரை. இரண்டு பேரும் கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாதவர்கள். காலை எட்டு மணிக்கு வீட்டு ஆண்கள் கார் எடுத்துக்கொண்டு போன பிறகு அந்தத் தெருவில் நம் இரண்டு பேரின் பாத்திரச் சத்தம்தான் கேட்கும். நான்கு வருடம் அப்படிப் போனது. மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் குழம்பைப் பற்றியும் கூப்பனைப் பற்றியும் பேசிக்கொள்வோம். எனக்கு உங்களை அவ்வளவுதான் தெரியும்.

பிறகு அந்தக் கோடையில் வீட்டு ஓனர் பின்பக்க ஷெட்டைக் காலி செய்ய வந்தார். மனைவியை இழந்த வயதான அமெரிக்கர். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில், பனியில் ஓட்டுகிற ஒரு பழைய ஸ்னோமொபைல் இருந்தது. முன்னால் சறுக்குக் கட்டை இரண்டு, பின்னால் ரப்பர்ப் பட்டை, நடுவில் கிழிந்த நீள சீட்டு. வடக்கே தம்பி வீட்டுக்குப் போகும்போது ஓட்டினாராம், பத்து வருடமாகத் தொடவில்லையாம், பழைய இரும்புக்காரனைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். நீங்கள் முன்மூடியைத் திறந்து, புது மருமகளை மாமியார் பார்ப்பதுபோல மேலும் கீழும் பத்து நிமிடம் பார்த்தீர்கள். நெருப்புப் பெட்டிகளை அடுக்கியதுபோல இரண்டு சிலிண்டர். கறுத்துப் போன கார்புரேட்டர். எலி கடித்த வயர்.

"ஒண்ணுமே ஆகலீங்க இதுக்கு. சும்மாக் கெடந்து கெடந்து அலுத்துப் போயிருக்குது" என்றீர்கள். வண்டியை மட்டும்தான் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

வீட்டு ஓனர் சிரித்துக்கொண்டே, ஓட வைத்தால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் வீட்டுக்காரர் அன்று மாலை முழுக்கக் கேலி செய்தார். கோயமுத்தூர்க்காரிக்குப் பனிவண்டி, அடுத்தது என்ன, எஸ்கிமோவுக்கு இட்லிக் கடையா என்று. மறுநாள் காலை பாத்திரம் துலக்கிவிட்டு, பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனீர்கள். நான் காபி கொண்டு வந்தேன். உங்கள் கை முழுக்கக் கரி. ஒரு கோடு போட்ட நோட்டைக் காட்டி, "கையெல்லாம் அழுக்குங்க, கொஞ்சம் எழுதறீங்களா?" என்று கேட்டீர்கள். உட்கார்ந்து எழுதினேன். அன்றிலிருந்து நான் ரைட்டரம்மா. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவருக்கு ரைட்டர் என்றுதானே பேர், நீங்கள் வண்டியின் புகாரை எழுதுகிறீர்கள் என்றீர்கள்.

அந்த நோட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் உங்களுக்கு இருந்த பிடிவாதத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. இடது பக்கம் அறிகுறி. வலது பக்கம் செய்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ப்ளக்கை மாற்றினால் ப்ளக்கை மட்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், பிறகுதான் அடுத்தது. "ரெண்டை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாதுங்க. அது கெட்டுப் போனதை விட மோசம்." எது எப்போது கெட்டாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான். கடைசியாக நன்றாக ஓடியது எப்போது? இரண்டாவது கேள்வியும் மாறாது. அதற்குப் பிறகு யார் எதைத் தொட்டார்கள்? அந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் நீங்கள் ஸ்பானரைக் கையில் எடுத்ததில்லை.

கார்புரேட்டரின் ஊசித் துளைகளில் காய்ந்து பிசினாகிக் கிடந்த பெட்ரோலை ஒற்றைத் தாமிர இழையால் குத்தி எடுத்தீர்கள். வயரை மாற்றினீர்கள். ப்ளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைக் கயிற்றை இழுக்கச் சொல்லி, விரலைத் தள்ளுகிற அழுத்தத்தைப் பார்த்து, "மூச்சு நல்லா இருக்குது" என்றீர்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஷெட் வாசலில் நின்று, "ஆண்ட்டி, ஈஸ் இட் அலைவ்?" என்று கேட்டாள். "இன்னும் இல்லீங்க அம்மணி" என்று அவளுக்கும் மரியாதை குறையாமல் பதில் சொன்னீர்கள்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை அதற்கு உயிர் வந்தது. பின்பக்கத்தை மரக்கட்டைமேல் தூக்கி வைத்திருந்தோம். பட்டை காற்றில் சுழன்றது. பிறகு இறக்கி, மழையில் நனைந்த புல்லில் வேலிவரை ஓட்டிப் போய்த் திரும்பினீர்கள். ஷெட் முழுக்க இந்த நீலப் புகைதான். உங்கள் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததுபோல இருந்தது. நோட்டில் அந்தத் தேதியைப் போட்டு, "நன்றாக ஓடியது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அதே மாதம்தான் உங்களுக்கு வேலை பார்க்கும் அனுமதியும் வந்திருந்தது. நீங்கள் அமெரிக்கா வந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. நீங்கள் விண்ணப்பங்களை டைப் அடிக்க ஆரம்பித்தீர்கள்.

அடுத்த வாரம் நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். நமக்குள் இது ஒளிவு மறைவில்லாத விஷயம்தான். ஆனால் எழுதிப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு நீங்கள் குடும்பத்தோடு மேரிலாந்தில் நாத்தனார் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தீர்கள். மதுரையில் எங்கள் அப்பாவின் அச்சுக்கூடத்தில் அன்று ஒவ்வொரு இயந்திரத்தையும் துடைத்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்போம். நான்கு வருடமாக என் வீட்டில் பூஜைக்கு வைக்க அரிவாள்மனையும் மிக்ஸியும்தான் இருந்தன. அந்த வருடம் ஒரு நிஜமான இயந்திரம் இருந்தது. உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், "பொட்டு வெச்சா கார்புரேட்டர் சுத்தமாயிருமாங்க?" என்று கேலி செய்வீர்கள் என்று நினைத்தேன். யாருமில்லாத மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். உள்ளேயே மிக அழகான பாகம் எது என்று பார்த்தேன். க்ளட்ச்சின் தட்டுகள். இஞ்சின் பக்கம் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, நடுவில் ரப்பர் பெல்ட். தட்டுகளின் உட்புறம் கண்ணாடிபோல மின்னியது. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அந்த மின்னுகிற முகங்களை இன்னும் மின்னும்படி தேய்த்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சூடம் காட்டினேன். மறுநாள் பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டு மூடினேன். மனசு நிறைந்திருந்தது.

நீங்கள் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினீர்கள். முதல் ஐந்து நிமிடம் சரியாகப் போனது. பிறகு இஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் வழுக்குகிறது. ரப்பர் தீய்கிற நாற்றம். நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி ஐந்து நிமிடம் ஒழுங்கு. அன்று ஷெட்டில் நின்று நீங்கள் கேட்டீர்கள்:

"கடைசியா நல்லா ஓடினது அந்தச் சனிக்கிழமை. அதுக்கப்புறம் யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?"

நான் இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பூஜை செய்வதைத் தொடுவது என்று யாராவது சொல்வார்களா? நோட்டில் என் கையெழுத்தில், "அதன்பின் எவரும் தொடவில்லை" என்று எழுதினேன்.

அந்த ஒரு வரியை நம்பி நீங்கள் ஏழெட்டு வாரம் தேடினீர்கள். தட்டுகளை செப்டம்பரில் நீங்களே துடைத்திருந்தீர்கள், அதற்குப் பின் எவரும் தொடவில்லை, ஆகவே அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. பெல்ட் பழசு என்று புது பெல்ட் வாங்கிப் போட்டீர்கள், அதுவும் வழுக்கியது. முன் தட்டுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்து அளந்தீர்கள். இரண்டு ஜோடித் தட்டும் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று நீளக் கட்டையை வைத்துப் பார்த்தீர்கள். தேங்காய் எண்ணெயின் வாசனை வந்திருக்குமே என்று பின்னால் நான் கேட்டேன். வந்தது, ஆனால் நம் இரண்டு பேர் தலையிலும் அதேதானே இருந்தது என்றீர்கள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் எனக்கு விளங்கியது. சும்மா பேச்சுவாக்கில் நீங்கள் சொன்னீர்கள். இதில் கியர் கிடையாது, பல் கிடையாது, தட்டு ரப்பரைக் கவ்விப் பிடிக்கிற பிடிப்பு மட்டும்தான். அதனால் தட்டு காய்ந்து, துடைத்து வைத்ததாக இருக்க வேண்டும். "கைரேகை கூட ஆகாதுங்க." நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளிரில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்பது நினைவுக்கு வந்தது. உறைந்திருக்கும்வரை பெல்ட் பிடிக்கிறது. சூடேறினால் உருகுகிறது. ஐந்து நிமிடம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஊரில் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்துமுடித்தால் தலையாட்டுகிற ஒரே ஆள் நீங்கள்தான். 'படிச்சவங்கதானே நீங்க' என்று நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. அதனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். நீங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறைக் காகிதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் தட்டுகளைத் துடைத்தேன். உறைந்த எண்ணெய் துடைபடுமா? ஓரத்தில் இருந்ததும் நடுவுக்கு வந்தது.

மறுநாள் வண்டி ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை. கிளப்பியதும் வழுக்கியது. நீங்கள் நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினீர்கள், முன்னாலிருந்து பின்னால் புரட்டினீர்கள். நேற்று எதையும் மாற்றவில்லை. அறிகுறி மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் நெற்றியில் அப்படி ஒரு சுருக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வடக்கு ஜெர்சியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் தொழிற்சாலையிலிருந்து அப்போது உங்களுக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் படி இறங்கி வந்து என் சமையலறை வாசலில் நின்றீர்கள்.

"ரைட்டரம்மா, அந்தக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிரப் போறேன்."

ஏன் என்று கேட்டேன். நீங்கள் மீட்டர் பார்த்துக் கணக்கு வாசிப்பதுபோல, குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னீர்கள்.

"வேலையை விட்டு ஆறு வருசம் ஆச்சுங்க. நான் ஒண்ணுமே மாத்தலை, அது வேற மாதிரி நடந்துக்குது. அப்படி ஒரு மெஷினும் கெடையாது. அப்பன்னா எனக்குப் பாக்கத் தெரியலைன்னுதானே அர்த்தம்? பத்துப் பேர் உசுரு நம்ம சோதனையை நம்பி இருக்கற இடத்துல போய் நின்னுக்கிட்டு, எனக்குத் தெரியும்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

கல்லில் தோசை இருந்தது. அது கருகியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நான்தாங்க தொட்டேன்" என்றேன். "ரெண்டு தடவை."

நீங்கள் அப்படியே படியில் உட்கார்ந்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன், சிரிப்பீர்களோ என்றும் பயந்தேன். நீங்கள் கேட்டதெல்லாம் கேள்விகள்தான். என்ன எண்ணெய்? எவ்வளவு? முன் தட்டா, பின் தட்டா, இரண்டுமா? உள்முகமா, வெளிமுகமா? இரண்டாவது தடவை எதனால் துடைத்தீர்கள், வட்டமாகவா, குறுக்கிலா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு மேலே போய் நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, பேனாவை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீங்களே அடிச்சு எழுதுங்க."

"எவரும் தொடவில்லை" என்ற என் கையெழுத்தை நானே அடித்தேன். மேலே, "தேங்காய் எண்ணெய். நான்" என்று எழுதினேன். எழுத்து கோணியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"சொன்னீங்களே. போதும். வாங்க, வேலையைப் பாப்போம்."

அதற்குப் பிறகும் நீங்கள் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவு பெரிய காரணம் கிடைத்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழுவி முடித்திருப்பார்கள். நீங்கள் முன் தட்டுகளை மட்டும் கழுவினீர்கள். ஓட்டினோம், எழுதினேன். பிறகு பின் தட்டுகள். ஓட்டினோம், எழுதினேன். கடைசியாக இன்னொரு பெல்ட். பெல்ட் கவ்வியது. வண்டி பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் இஞ்சின் மூச்சுத் திணறி அணைந்தது.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஏழெட்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தீர்கள். "ஆ, இன்னொருத்தரும் இருக்காருங்க உள்ளே." வண்டியை மறுபடி கிளப்பிவிட்டு, கார்புரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கிற ரப்பர்க் கழுத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தீர்கள். ஒரு இடத்தில் தண்ணீர் பட்டதும் இஞ்சினின் சத்தம் மாறியது. அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோல் நீர்த்துப் போயிருந்தது. அந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடேறி ஓட்டையாகிவிடும் என்று விளக்கினீர்கள்.

"க்ளட்ச் வழுக்காம இருந்திருந்தா நான் முழுப் பாரத்துல ஓட்டியிருப்பேன். இந்நேரம் இஞ்சின் போயிருக்கும். உங்க எண்ணெய் பாதி கெடுத்துது, பாதி காப்பாத்துச்சு. ரெண்டையும் எழுதுங்க."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னீர்களோ என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். இல்லை. தேற்றுவதற்காக நீங்கள் எதையும் நோட்டில் ஏற்றமாட்டீர்கள்.

அன்று மாலை ஷெட்டைப் பூட்டும்போது, என்னை ஏன் திட்டவில்லை என்று கேட்டேன். உங்கள் ஆலையில் நடந்த ஒன்றைச் சொன்னீர்கள். ஒரு தொழிலாளி ஒரு வாஷரைப் போட மறந்துவிட்டார். மூன்று நாள் தேடினீர்கள். அவரே வந்து சொன்னார். மேலாளர் அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, வேலையை விட்டு அனுப்பினார். "அதுக்கப்புறம் அந்தப் பட்டறையில ஒருத்தரும் வாயைத் தொறக்கலீங்க. எது போனாலும் நாங்களாத் தேடித் தேடிச் செத்தோம். கேள்வி கேக்கறது சுலபம். பதில் சொல்றவங்களைத் திட்டாம இருக்கறதுதான் வேலை."

வெள்ளிக்கிழமை நீங்கள் இன்டர்வியூவுக்குப் போனீர்கள். நகக்கண்ணில் கரி போகவே இல்லை. எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனீர்கள், தமிழில் எழுதியதை அங்கே யார் வாசிப்பார்கள் என்று நான் கேட்டும். சோதனைப் பிரிவுத் தலைவர் சான்றிதழ்களைப் பார்த்ததைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தாராம். பக்கத்துக்கு நடுவில் அடித்து எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டாராம். நீங்கள் எல்லாவற்றையும் சொன்னீர்கள், பூஜை உட்பட. யார் அப்படிச் செய்தது என்றதற்கு, "என்கூட வேலை பாக்கறவங்க. அவங்களே வந்து சொன்னாங்க" என்றீர்களாம். அங்கே ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னீர்களோ தெரியாது, என்னிடம் வந்து தமிழில் இப்படித்தான் சொன்னீர்கள். கூட வேலை பார்க்கிறவள். அந்த நாட்டில் அதுவரை என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை.

வேலை கிடைத்தது. ஜனவரியில் அந்தப் பெரிய பனி விழுந்தது. மூன்று நாள் தெருவில் ஒரு கார் நகரவில்லை. மத்தியானம் வெயில் வந்ததும் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குக் கொண்டுபோனீர்கள். பின்னால் நான், கம்பளிக் குல்லாவும் கணவரின் கோட்டுமாக. நீங்கள் விசையை அழுத்தியபோது உங்கள் இடுப்பை நான் பிடித்த பிடியில் உங்களுக்கு இரண்டு நாள் வலி இருந்ததாம். வெள்ளை வெளேரென்ற அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மாடி ஜன்னலில் நின்று பார்த்த உங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இட்லிக் கடை ஜோக்கைச் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் நான்தான் ஓட்டினேன்.

இந்த வருடம் ஆஸ்பத்திரியிலும் நீங்கள் ஒரு நோட்டு வைத்திருந்தீர்கள். கை நடுங்கியதால் அதையும் நான்தான் எழுதினேன். டாக்டர்களிடம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த மருந்தையும் இன்னொன்றோடு சேர்த்து ஒரே நாளில் மாற்ற விடமாட்டீர்கள். ஒரு இளம் டாக்டர், உங்களைப்போல ஒரு நோயாளி இருந்தால் எனக்கு வேலை பாதி என்றார். ஜூன் மாதம் ஒருநாள் மத்தியானம் நான் என்னையே நொந்துகொண்டிருந்தேன். போன தீபாவளிக்கே நீங்கள் இளைத்திருந்தீர்கள், புடவை தோளில் நிற்கவில்லை, நான் பார்த்தும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அப்போதே போய்ப் பார்த்திருக்கலாம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டீர்கள். தூங்கிவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

"நல்லாத் தேடிப் பாத்துட்டேங்க, ரைட்டரம்மா," என்றீர்கள். "இதுல நீங்க எண்ணெய் தடவலை."

நீங்கள் என்னிடம் சொன்னவற்றில் கடைசியாக எனக்கு முழுதாக ஞாபகம் இருப்பது அதுதான். அதை நம்புகிறேன். தேற்றுவதற்காக நீங்கள் எதையும் சொன்னதில்லை.

வண்டி உங்கள் வீட்டு கராஜில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அதை விற்கப் போவதில்லையாம். எனக்கு என்று நான் கேட்டு வாங்கி வந்தது, எண்ணெய் பட்டு வீணாய்ப் போன அந்தப் புது பெல்ட்டைத்தான். எங்கள் கராஜ் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தேன். இனி அதற்கு வழுக்குகிற வேலை இல்லையே.

காலையில் இவர் மறுபடி மறுபடி கயிற்றை இழுத்துத் தோற்றபோது நான் வெளியே போய்க் கேட்டேன். கடைசியாக நன்றாக ஓடியது எப்போது? போன சனிக்கிழமை என்றார். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்றேன். "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இதோ, இப்போது சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். கையில் சிவப்பு கேன். ஷெட் மூலையில் போன வருடத்துப் பெட்ரோல் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம், வீணாகப் போகிறதே என்று அதை ஊற்றினாராம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்.

சொன்னாரே. போதும். போய் வேலையைப் பார்க்கிறோம்.